பட்டறைக் கேள்வி–பதில்: எதை வைத்து அளந்தீர்கள்?

வீட்டில் மரவேலை மெஷின் வைத்திருப்பவர்கள் சிக்கல்களை எழுதி அனுப்பலாம் என்று போன இதழில் ஆசிரியர் ஒரு வரி போட்டார். வந்த கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மொறட்டுவையில் தளபாடம் செய்யும் இடமொன்றில் 28 வருடம் மெஷின் பிட்டராக இருந்தவன் நான். ஓய்வு எடுத்த பிறகு தெஹிவளையில் வீட்டின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டில் போட்டு, அதற்குள் எனக்கும் மனைவிக்கும் சண்டை வராத அளவுக்கு மட்டும் சத்தம் போடுகிறேன். கொழும்பில் இப்படி எத்தனை கராஜில் கார் வெளியே நிற்க மெஷின் உள்ளே நிற்கிறது என்று இந்த டின்னைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் இடமில்லை. பலபேருக்கு உதவக்கூடியதை எடுத்திருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்: பழைய 10 அங்குல மேசை வாள் ஒன்று வாங்கினேன். மகோகனிப் பலகை கிழித்தால் ஒரு பக்கம் கறுத்து எரிகிறது. இரண்டு தடவை பிளேட் மாற்றிவிட்டேன். பலகை ஒட்டிக்கொண்டு ஓடும் கைட் சட்டத்துக்கும் பிளேட்டுக்கும் இடையில் முன்னாலும் பின்னாலும் அளந்தேன், ஒரே அளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை பலகை திரும்பி வந்து வயிற்றில் அடித்தது. பிளேட் சரியில்லையா?

முதலில் வயிறு எப்படி? நீலம் பாரித்திருந்தால் அது போகும் வரைக்கும் மெஷினைத் தொடவேண்டாம். இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை. வலி இருக்கிறவன் பயந்து பயந்து தள்ளுவான், பாதியில் நிறுத்துவான். அப்போதுதான் மறுபடியும் அடிக்கும்.

பிளேட்டில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அளந்த இடம்தான் பிழை. கைட் சட்டத்தைப் பிளேட்டோடு ஒப்பிட்டீர்கள். அந்தப் பிளேட் எதோடு நேராக நிற்கிறது? அதைப் பார்க்கவில்லை. மேசை வாளில் அசையாமல் இருப்பது மேசையில் வெட்டியிருக்கும் அந்த நீளத் தவாளிப்பு ஒன்றுதான். பிளேட்டும் அதற்கு நேர், கைட் சட்டமும் அதற்கு நேர். இரண்டையும் தனித்தனியாக அதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கவேண்டும். கோணலாக நிற்கும் ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்து நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து கோணலாக நிற்கும். அதைத்தான் செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பிளக்கைக் கழற்றி, அது உங்கள் கண்ணுக்கு எதிரே இருக்கும்படி மேசை மேல் வையுங்கள். பிளேட்டை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். தவாளிப்பில் ஓடும் கோணச் சட்டத்தில் ஒரு மரத்துண்டை இறுக்கி, அதன் நுனியில் ஒரு ஸ்க்ரூ அடித்து, அந்த ஸ்க்ரூத் தலை பிளேட்டின் ஒரு பல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வையுங்கள். அந்தப் பல்லுக்கு மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி. இனிக் கையால் பிளேட்டைச் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், கோணச் சட்டத்தையும் தள்ளிக்கொண்டு போய் அங்கே பாருங்கள். வேறு பல்லை எடுத்தால் கதை முடிந்தது. பிளேட்டில் இருக்கும் வளைவு எல்லாம் உங்கள் அளவுக்குள் வந்துவிடும். பல்லு ஒன்று வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம் என்று தீட்டியிருப்பார்கள், அதுவும் குழப்பும்.

இடைவெளியை அளக்கப் பீலர் கேஜ் வேண்டும். டாப்பெட் சரிபார்க்க மெக்கானிக்மார் வைத்திருக்கும் அதே சாமான்தான், பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் கேளுங்கள். அதற்கும் அலுப்பென்றால் போட்டோகொப்பிக் கடதாசி எடுங்கள். சாதாரண 80 கிராம் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் ஒரு தாளுக்குள் இருந்தால் நான் கைவைக்கமாட்டேன். மூன்று நான்கு தாள் என்றால் எரிவது ஏன் என்று தெரிந்துவிட்டது. பின்பக்கப் பற்கள் பலகையின் ஓரத்தில் உரசிக்கொண்டே போகின்றன.

திருத்துவதற்கு மேசைக்கு அடியில் படுக்கவேண்டும். உங்களுடையது பிளேட் தாங்கி மேசையிலேயே தொங்கும் வகையாக இருந்தால் பொதுவாக நான்கு போல்ட். மூன்றைத் தளர்த்துங்கள், நான்காவதைப் பாதி இறுக்கத்தில் விடுங்கள், அதுதான் சுழல்புள்ளி. பிறகு கொட்டாப்புளியால் தட்டு. அடி இல்லை, தட்டு. இறுக்கியபிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். இறுக்கும்போது நகராத போல்ட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. மூன்று நான்கு தடவை ஆகும், கோபப்படாதீர்கள். இது முடிந்ததும் கைட் சட்டத்தைத் தவாளிப்புக்கு நேராக்குங்கள். நான் பின்பக்கம் ஒரு தாள் அளவு பிளேட்டிலிருந்து விலக்கியே வைப்பேன். பிளேட்டை நோக்கி உள்ளே சாய்வது மட்டும் கூடவே கூடாது.

திரும்பி அடித்த விஷயத்துக்கு வருவோம். பிளேட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய பிளவுத் தகடு நிற்கவேண்டும். உங்கள் மெஷினில் இருக்கிறதா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, ஆகவே இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். பழைய மெஷின் பத்தில் ஒன்றில்கூட நான் அதைக் காண்பதில்லை. யாரோ ஒரு பாஸ் இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருப்பார். கிழித்த பலகையின் வாய் மூடிப் பிளேட்டைப் பிடிக்காமல் தடுப்பது அதுதான். உள்ளே முறுக்கு இருக்கும் மகோகனி கிழிக்கக் கிழிக்க மூடும். 10 அங்குலப் பிளேட் நிமிடத்துக்கு 2850 சுற்று சுற்றினால் பல்நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 136 கிலோமீற்றர். தெற்கு அதிவேக வீதியில் போனால்கூட 100க்கு மேல் பொலிஸ் பிடிக்கும். அந்த வேகத்தில் மேலே எழும்பும் பின்பக்கப் பல்லில் பலகை மாட்டினால் உங்கள் வயிறு வரைக்கும் வர எவ்வளவு நேரம் பிடிக்கும்?

தகடு வாங்கக் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் செய்விக்கலாம். தடிப்பு முக்கியம். பிளேட்டின் உடம்பைவிடத் தடிப்பாகவும், பல் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்கவேண்டும். பல்லுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 3 முதல் 8 மில்லிமீற்றர். தகடு பிளேட்டோடு ஒரே கோட்டில் நிற்கவேண்டும். கோணலாக நின்றால் அதுவே பலகையை நெருக்கும். பிறகு, தள்ளும்போது பிளேட்டுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். ஒரு அடி பக்கத்தில் நில்லுங்கள். என் இடது கைப் பெருவிரல் நகம் இரண்டாகப் பிளந்து வளரும். ஏன் என்று கேட்காமல் இதைச் செய்யுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா இரண்டு மெஷின் கொண்டெய்னரில் அனுப்பினார். ஒன்று சின்னத் தடிப்புச் சீவி, மற்றது 14 அங்குல பேண்ட் சோ. 2000 வாட்ஸ் ட்ரான்ஸ்போமர் வாங்கிக் கொடுத்தேன். சீவி பறக்கிறது. பேண்ட் சோ மெதுவாகச் சுற்றுகிறது, 10 நிமிடத்தில் மோட்டரில் கைவைக்க முடியவில்லை, வார்னிஷ் மணம் வருகிறது. வயரிங் பார்க்கிறவர் ட்ரான்ஸ்போமர் காணாது, பெரியது வாங்கு என்கிறார்.

வாங்கவேண்டாம். காசு மிச்சம். இதே கேள்வி நான்கு கடிதங்களில் வந்திருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கனடாவில் சொந்தக்காரர் இல்லாத தமிழ் வீடு கொழும்பில் எத்தனை!

அங்கே கரண்ட் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 அலை. இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை மட்டும்தான் குறைக்கும். 50 ஐ 60 ஆக்க அதனால் முடியாது, எவ்வளவு பெரிதானாலும் முடியாது.

உங்கள் இரண்டு மெஷினுக்கும் இரண்டு சாதி மோட்டர். சீவியில் இருப்பது கரிக்கட்டை போட்ட மோட்டர், போட்டவுடன் அலறுமே அது. வீட்டில் மிக்ஸியில் இருப்பதும் அந்தச் சாதிதான். அதற்கு 50, 60 என்ற கவலை இல்லை, சரியான வோல்ற் கொடுத்தால் போதும். பேண்ட் சோவில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டர். சத்தமில்லாமல் ஓடும், கரிக்கட்டை கிடையாது. அதன் சுற்று கரண்ட்டின் ஹேர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. அங்கே 1725 சுற்று ஓடியது இங்கே 1440க்குக் கிட்டத்தான் ஓடும். ஆறில் ஒரு பங்கு போய்விட்டது, மெதுவாகச் சுற்றுகிறது என்று நீங்கள் கண்டது அதைத்தான்.

சூடு வருவதற்குக் காரணம் வேறு. வோல்ற் 120 ஐ ஹேர்ட்ஸ் 60 ஆல் பிரித்தால் 2. அந்தக் கணக்குக்குத்தான் உள்ளே இரும்பும் கம்பியும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். 120 ஐ 50 ஆல் பிரித்தால் 2.4. அதாவது இரும்புக்குத் தாங்கக்கூடியதைவிட 20 சதவீதம் கூடுதலான காந்தத்தை அதற்குள் திணிக்கிறீர்கள். மரம் வெட்டாமல் சும்மா ஓடினாலும் அது சுடும். கணக்கு மறுபடி 2 ஆக வேண்டுமென்றால் வோல்ற்றை 100 ஆகக் குறைக்கவேண்டும். 100 வோல்ற் முனை உள்ள ட்ரான்ஸ்போமர் இருந்தால் சூடு அடங்கும். ஆனால் வேகமும் பலமும் குறைந்தேதான் இருக்கும்.

நான் செய்வதென்றால் மோட்டரையே மாற்றிவிடுவேன். 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், ஒரு குதிரைவலு, 1400 சுற்றுச் சொச்சம். பேண்ட் சோவுக்கு மோட்டர் தனியாக பெல்ட்டில் ஓடுவதால் இது பெரிய வேலையில்லை. இரண்டு விஷயத்தில் மாட்டுப்படுவீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று தண்டு. அமெரிக்க மோட்டரின் தண்டு பெரும்பாலும் 5/8 அங்குலம், கிட்டத்தட்ட 15.9 மில்லிமீற்றர். இங்கே கிடைக்கும் அதே வலு மோட்டருக்குப் பெரும்பாலும் 19 மில்லிமீற்றர். பழைய புல்லி ஏறாது. லேத்தில் கொடுத்துத் துளையைப் பெருப்பிக்கவேண்டும், புல்லி தண்டில் வழுக்காமல் பிடிக்கும் சாவித் தவாளிப்பும் சேர்த்து. மற்றது, வேகத்தைத் திரும்பப் பிடிக்க மோட்டர்ப் பக்கப் புல்லி பெரிதாக வேண்டும். ஆறுக்கு ஐந்து என்ற கணக்கு. இரண்டரை அங்குலப் புல்லி இருந்தால் மூன்று அங்குலம் போடுங்கள். தண்டும் புல்லியும் எப்படியும் மாறப்போகின்றன என்றால் புதிய புல்லியையே 19க்குத் துளைத்து வாங்குவது சுகம்.

மற்ற மூன்று கடிதக்காரருக்கும் ஒன்று. சில மோட்டரின் பெயர்த்தகட்டில் 115/230 என்று இருக்கும். உள்ளே வயரை மாற்றிக்கட்டி நேரே 230இல் போடலாம் என்று சந்தோஷப்படாதீர்கள். ட்ரான்ஸ்போமர்க் காசு மிஞ்சும், சூடு குறையாது, அதே கணக்கு அங்கேயும் இருக்கிறது. தகட்டில் 50/60 என்று போட்டிருந்தால் மட்டும் நிம்மதி.

சீவி பறக்கிறது என்றீர்கள். அதன் தகட்டில் 15 ஆம்பியர் இருந்தால் 1800 வாட்ஸ். 2000 வாட்ஸ் ட்ரான்ஸ்போமர் அதற்கு வாய் வரைக்கும் நிரம்பிய குடம். பலகை ஒன்று சீவியதும் ட்ரான்ஸ்போமரைத் தொட்டுப் பாருங்கள். 3000 என்றால் எனக்குத் தூக்கம் வரும். இன்னொன்று, அங்கத்தைய பிளக்கில் இருக்கும் உருண்டைக் காலுக்குத்தான் எர்த். பல ட்ரான்ஸ்போமரில் அந்தத் துளை வெறும் துளை, உள்ளே வயர் கிடையாது. மல்டிமீற்றரால் மெஷின் உடம்புக்கும் சுவர் சொக்கெட்டின் எர்த்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு மெஷினையும் ஓட்டாதீர்கள்.

மட்டக்குளி வாசகர்: பிளேட் துளை 30 மில்லிமீற்றர், என் மெஷின் தண்டு 25.4. இன்சுலேஷன் டேப் சுற்றிப் போடலாம் என்று கடைக்காரர் சொன்னார்.

அந்தக் கடையில் இனி எதுவும் கேட்கவேண்டாம். வளைய புஷ் கிடைக்கும், பிளேட்டைவிட மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பக்கத் தட்டுகள் பிளேட்டைப் பிடிக்காமல் வளையத்தைப் பிடிக்கும். பிளேட்டில் அச்சடித்திருக்கும் உச்ச வேகம் உங்கள் மெஷினின் வேகத்தைவிடக் கூடவா என்பதையும் பாருங்கள். நட்டைக் கழற்ற, பிளேட் சுற்றும் பக்கத்துக்கே திருகவேண்டும். எதிர்ப்பக்கம் திருகி நசுக்கியவர்கள் நிறையப்பேர்.

தெஹிவளை வாசகி: பலாப்பலகையில் வெட்டும் பலகைகள் செய்து விற்கிறேன். சீவுளி மெஷினில் போட்டால் கடைசி இரண்டு அங்குலத்தில் மட்டும் குழி விழுகிறது. மற்றது, நேராகச் சீவி வைத்த பலகை இரண்டு நாளில் வளைகிறது. மெஷின் பிழையா, என் கை பிழையா?

நம்ம ஊர்ப் பிள்ளை. கை பிழையில்லை தங்கச்சி. இரண்டு கேள்விக்கும் இரண்டு விடை.

குழி விழுவது பின் மேசை தாழ்ந்திருப்பதால். சீவுளி மெஷினில் முன் மேசையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றி இறக்கலாம், எவ்வளவு சீவவேண்டும் என்பதற்கு அது. பின் மேசை வேறு. அது அலகின் உச்சிக்குச் சமமாக நிற்கவேண்டும், ஒரு தடவை வைத்தால் அலகு மாற்றும் வரை தொடக்கூடாது. அது தாழ்ந்திருந்தால், பலகையின் வால் முன் மேசையை விட்டுக் கழன்றதும் பலகை பொத்தென்று கீழே இறங்கும். அந்த இடத்தில் அலகு ஆழமாகக் கடிக்கும். அதுதான் உங்கள் இரண்டு அங்குலம். பின் மேசை உயர்ந்திருந்தால் பலகையின் தலை அதில் முட்டும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு நேரான மரச்சட்டத்தைப் பின் மேசையில் வைத்து அலகுக்கு மேலாக நீட்டுங்கள். சட்டத்தில், மேசை விளிம்புக்கு நேரே பென்சில் கோடு. பலகை போகும் பக்கமாகச் சுற்றும்படி கையால் உருளையை மெதுவாகத் திருப்புங்கள். அலகு சட்டத்தைப் பிடித்து முன்னே இழுத்துச் செல்லும். கோடு 3 மில்லிமீற்றர் நகர்ந்திருந்தால் அருமை. 10 நகர்ந்தால் மேசை தாழ்வு, நகரவே இல்லையென்றால் உயர்வு. ஒவ்வொரு அலகையும் இடது முனையில், வலது முனையில் என்று பாருங்கள். மூன்று அலகென்றால் ஆறு தடவை. இரண்டு முனையும் வேறு வேறாக வந்தால் அலகுதான் சாய்ந்திருக்கிறது, மேசையைத் திருகிப் பயனில்லை. துணி சுற்றிய கையால் திருப்புங்கள். அலகு தோலைக் கேட்டுவிட்டு வெட்டாது.

வளைவது மெஷினே இல்லை, காற்று. கொழும்புக் காற்றில் திறந்த கொட்டிலில் கிடக்கும் மரத்தில் 14–16 சதவீதம் ஈரம் நிற்கும். அதை நீங்கள் நேராகச் சீவி ஏசி போட்ட அறையில் வைத்தாலோ, வாங்கியவர் வைத்தாலோ, அது 10க்குக் கிட்ட இறங்கும். இறங்கும்போது வளையும். அதோடு ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாகச் சீவினால் மற்றப் பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரேயளவு எடுங்கள். முதல்நாள் இரண்டு மில்லிமீற்றர் கூடுதலாக விட்டுச் சீவி, தரையில் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே குச்சி வைத்து ஒரு வாரம் காற்றாட விடுங்கள். பிறகு முடிவுச் சீவல். ஒரு வாரம் பொறுக்க ஆர்டர் கொடுத்தவர் விடமாட்டார் என்று எழுதுவீர்கள். தெரியும்.

வத்தளையிலிருந்து ஒரு தம்பி: மேசை வாளைப் போட்டால் ‘ம்ம்ம்’ என்று மட்டும் சொல்கிறது, சுற்றவில்லை. சில நேரம் சுற்றும். வீட்டிலிருந்து கராஜுக்கு 25 மீற்றர் எக்ஸ்டென்ஷன் வயர் போகிறது. புது மோட்டர் என்ன விலை?

மோட்டர் விலை கேட்பதற்கு முன் அந்த வயரைப் பாரும் தம்பி. டேபிள் பேனுக்குப் போடும் 0.75 சதுர மில்லிமீற்றர் வயராக இருந்தால், போய் வர 50 மீற்றர் செப்புக்கம்பி, ஒன்றேகால் ஓமுக்குக் கிட்டத் தடை. ஒன்றரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது 9 ஆம்பியர் எடுத்தாலும் கிளம்பும்போது ஐந்து மடங்கு கேட்கும். அந்த ஒரு நொடியில் வயரிலேயே 40 வோல்ற்றுக்கு மேல் தொலைந்துவிடும். கிளம்பும் பலம் வோல்ற்றின் வர்க்கத்தோடு விழுவதால் மூன்றில் ஒரு பங்கு பலம் காணாமல் போகும். சில நேரம் சுற்றும், சில நேரம் சுற்றாது என்கிறீரே, பக்கத்து வீட்டில் கரண்ட் கேத்தலும் ஏசியும் ஓடும் நேரமா என்று கவனியும்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் சமையலறையில் இருக்கும் 13 ஆம்பியர் சொக்கெட்டில் நேரே போட்டுப் பாரும். அம்மாவிடம் கேட்டுவிட்டு. அங்கே சுற்றினால் 2.5 வயர் வாங்கினால் போதும். கட்டாய்ச் சுற்றி வைக்காமல் முழுக்க விரித்துப் போடவேண்டும், சுற்றி வைத்த வயர் தன் சூட்டிலேயே வேகும். அங்கேயும் ‘ம்ம்ம்’ என்றால் மோட்டரைக் கிளப்பிவிடும் கப்பாசிற்றர், அல்லது மோட்டருக்குள் இருக்கும் கிளம்பல் சுவிச். பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டரை மட்டும் போட்டுப் பார்க்கலாம். பிளேட் பூட்டியபடி கையால் சுழற்றிக் கிளப்புவதை வீடியோவில் பார்த்திருப்பீர், செய்யவேண்டாம். கப்பாசிற்றரைக் கழற்றும் முன் அதன் இரண்டு காலுக்கும் ஒரு பழைய 230 வோல்ற் குண்டு பல்ப்பைத் தொடுத்து வெறுமையாக்கும். பிளக் கழற்றிய பிறகும் அதற்குள் அடி இருக்கும். புதிதாக வாங்கும்போது அதே மைக்ரோபராட், வோல்ற் அதே அல்லது கூட.

கிராண்ட்பாஸ் வாசகர்: மூடிய தொழிற்சாலை ஒன்றிலிருந்து த்ரீ பேஸ் சீவுளி மெஷின் கிடைத்தது. வீட்டில் சிங்கிள் பேஸ். இன்வேர்ட்டர் போட்டால் ஓடுமா?

மோட்டர்ப் பெயர்த்தகட்டைப் படியுங்கள். 230/400 என்று இருந்தால் உள்ளே வயரை டெல்டாவாக, அதாவது முக்கோணமாக, மாற்றிக்கட்டி, சிங்கிள் பேஸ் வாங்கி 230 வோல்ற் த்ரீ பேஸ் தரும் இன்வேர்ட்டரில் நன்றாக ஓடும். 400/690 என்று இருந்தால் அந்த இன்வேர்ட்டரில் அதற்குரிய பலம் வராது. மோட்டரை மாற்றுவது மலிவு. இன்வேர்ட்டருக்கும் மோட்டருக்கும் நடுவில் பழைய சுவிச்சை விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அதை அணைத்தால் இன்வேர்ட்டர் போய்விடும்.

வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம்: மெஷின் மேசை வாரத்துக்கு ஒரு தடவை துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் பூசுகிறேன்.

உப்புக்காற்று, வேறொன்றுமில்லை. தேங்காய் எண்ணெயில் தூள் ஒட்டும், பலகையில் கறை வரும். துருவை சாண்ட்பேப்பரால் தேய்த்து எடுத்து, தரைக்குப் பூசும் பொலிஷ் மெல்லியதாகப் பூசிக் காயவிட்டுத் துடையுங்கள். நிறமில்லாததாகப் பார்த்து. என் மைத்துனர் சிவப்புத் தரைப் பொலிஷைப் பூசி, அவர் செய்த வேப்பமர அலுமாரி குங்குமம் வைத்ததுபோல் வந்தது. கார் பொலிஷ் வேண்டாம், அதில் சிலிக்கோன் இருக்கும், பிறகு வார்னிஷ் பிடிக்காது. இரவில் பழைய பருத்திப் போர்வை போட்டு மூடுங்கள், பொலிதீன் போட்டால் உள்ளே வியர்க்கும்.

பம்பலப்பிட்டி வாசகர்: மேசை வாளை நீங்கள் சொல்வதுபோல் எல்லாம் தவாளிப்போடு ஒப்பிட்டுச் சரிசெய்து வைத்திருக்கிறேன், உங்கள் கட்டுரைகளை வெட்டி ஒட்டுபவன் நான். கோணச் சட்டத்தை மூலைமட்டம் வைத்தே நிறுத்தினேன். ஆனாலும் படச்சட்டம் செய்தால் கடைசி மூலை ஒரு மில்லிமீற்றர் திறந்து நிற்கிறது. விசர் பிடிக்கிறது.

வெட்டி ஒட்டுவதற்கு நன்றி, அதனால்தான் கடைசிக்கு வைத்தேன். எதை வைத்து அளந்தீர்கள் என்ற கேள்வியை உங்கள் மூலைமட்டத்திடமும் கேட்கவேண்டும். அது 90 தான் என்று யார் சொன்னது? நேரான விளிம்புள்ள ஒரு பிளைவுட் துண்டை எடுத்து, மூலைமட்டத்தை அந்த விளிம்பில் வைத்துக் கூர்மையான பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மூலைமட்டத்தை அப்படியே மறுபக்கம் புரட்டி, கோடு தொடங்கிய அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மூலைமட்டம் நல்லது, வேறு இடத்தில் தேடுவோம். மேலே போகப் போகப் பிரிந்தால் அந்தப் பிரிவின் பாதிதான் மூலைமட்டத்தின் பிழை. சின்னதாகத்தான் தெரியும். ஆனால் படச்சட்டத்தில் நான்கு மூலை, எட்டு வெட்டு. பிழை எல்லாம் சேர்ந்து கடைசி மூலைக்கு வந்து நிற்கும்.

தூக்கி எறியவேண்டாம். ஒரே இரும்புத் தகட்டில் வெட்டிய பெரிய மூலைமட்டமாக இருந்தால் திருத்தலாம். மூலைமட்டத்தின் இரண்டு கையும் சேரும் இடத்தில் உள்மூலைக்குக் கிட்ட சென்டர் பஞ்சால் ஒரு குத்து குத்தினால் கோணம் விரியும். வெளிமூலைக்குக் கிட்டக் குத்தினால் சுருங்கும். இரும்புக் கட்டையில் வைத்து, மெல்ல ஒரே ஒரு குத்து. அதே பிளைவுட்டில் பக்கத்திலேயே இரண்டு கோடு போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த குத்து.

மரக்கைப்பிடி வைத்த சின்ன மூலைமட்டத்தில் இதைச் செய்யாதீர்கள், அலகு கழன்று கையில் வரும்.